கண்ணாடிக்குள் நிற்கிற பிள்ளை

பொம்மையின் இடது கை மறுபடியும் கழன்று விழுந்தது. விழுந்த வேகத்தில் உடைந்து, வெள்ளையும் சந்தன நிறமுமாகக் கட்டைகள் கடை முழுக்கச் சிதறின. ஒன்று ஸ்கூல் பைகள் தொங்கிய கம்பிக்கு அடியில் போனது. இன்னொன்று முனாப் முதலாளி கழற்றி வைத்திருந்த செருப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாலம்மா போட்ட மண்டியை எடுக்காமலே தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வேறு யாராவது என்றால் போதுமடா சாமி என்று எழும்பிப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்திருப்பார்கள். இவளுக்கு அதெல்லாம் வராது. கையில் ஒரு வேலை இருந்தால் அதை முடிக்கிறவரை இருப்புக் கொள்ளாது. வேலை இல்லாவிட்டால் அதைவிட மோசம், கதிரையில் உட்கார்ந்தபடியே சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி நூல் நூலாக்கிவிடுவாள்.

கண்டி டவுனில், கொழும்பு வீதிக்குப் பின்னால் ஓடுகிற ஒடுக்கமான குறுக்குத் தெருவில் இருந்தது முனாப்பின் கடை. விளையாட்டுச் சாமான், ஸ்கூல் பை, தண்ணீர்ப் போத்தல், பென்சில் பெட்டி. டிசம்பர் பிறந்தால் ஜனவரிப் பள்ளிக்கூட வியாபாரம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் ஜன்னலை அலங்கரித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. வெளிநாட்டிலிருந்து பழைய விளையாட்டுச் சாமான்களை மொத்தமாக இறக்குவது அவருடைய வழக்கம். அப்படி வந்ததில் ஐந்தாறு சாக்கு நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தன. மேலே குமிழும் அடியில் குழியுமாக, ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளுமே, அந்தக் கட்டைகள். பெட்டியும் இல்லை, எதைக் கட்டுவது என்று காட்டுகிற படமும் இல்லை. வருகிறவர்கள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் வாங்கவில்லை. இதை வைத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை அந்தப் பிள்ளை உசரத்துக்கே கட்டி ஜன்னலில் நிறுத்துகிறேன் என்று, கடையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பாலம்மா சொன்னபோது, முனாப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செய்தால் செய்யட்டுமே, சும்மா கிடக்கிற சாமான்தானே என்று அவருடைய மனைவி மஸீனா சொல்லவும்தான் தலையை ஆட்டினார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கண்ணும் வாயும் வெறும் புள்ளியாக இருக்க வேண்டும், தொழுகிற இடத்தில் சிலை ஆகாது. "பொம்மண்டா பொம்ம மாதிரி ஈக்கணும். செல மாதிரி வேணாம், விளங்குதா?" என்றார். பின்கட்டில் அவர் தொழுகிற இடத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரையையும் அன்றே தொங்கவிட்டார். பாலம்மா சரி முதலாளி என்று சொல்லிவிட்டு முதல் சாக்கை அவிழ்த்தாள்.

இந்த வேலையை இவள் எங்கே கற்றாள் என்று கேட்டால் குவைத்தில் என்று சொல்ல வேண்டும். பாலம்மா பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில். வாழ்க்கைப்பட்டது கம்பளையில். கட்டியவன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கென்று போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அவனைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். நாலு வயது மகள் டிலுக்சனாவை அவனுடைய அக்கா தெய்வானையிடம் ஒப்படைத்துவிட்டு இவள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் பறந்தாள். போன வீட்டில் ஒரு கைக்குழந்தை. லுல்வா என்று பெயர். தாய்க்காரி வங்கியில் பெரிய வேலை, விடிந்தால் போய்ப் பொழுது சாய வருவாள். லுல்வா தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது, விழுந்தது எல்லாம் பாலம்மாவின் கண் முன்னால். கொஞ்சம் வளர்ந்ததும் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டைகள்தான் உலகம். வெளியே போக முடியாத வெயில். மத்தியானம் முழுக்கக் குளிரூட்டிய அறையில் இரண்டு பேரும் மண்டி போட்டு உட்கார்ந்து வீடு கட்டுவார்கள், ஒட்டகம் கட்டுவார்கள், கப்பல் கட்டுவார்கள். சுவர் கட்டுகிற மேசன் மாதிரி, கீழ் வரிசையின் பொருத்துக்கு மேலே நடுக்கட்டை வர வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்பதை அங்கேதான் பழகினாள். லுல்வா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது வந்ததும், இனி ஆள் தேவையில்லை என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, ஒரு நகையும் கொடுத்தார்கள். லுல்வாவைப் பற்றிப் பாலம்மா யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் கண் நிறைந்துவிடும். டிலுவின் முன்னால் அந்தப் பிள்ளைக்காக அழக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தாள்.

திரும்பி வந்தபோது டிலுவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பெரிய பிள்ளையான சடங்கைக்கூடப் பாலம்மா போனில்தான் பார்த்தாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றிச்சுட்டி, அதற்கு மேலே யாரோ ஒருவருடைய கை. போனில் முகம் தெரியும், உசரம் தெரியாது. கம்பளை வீட்டுக்குள் நுழைந்த அன்று கதவைத் திறந்தது யாரென்று ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டாள். தன் தோளுக்கு மேலே வளர்ந்த ஒரு பெண் பிள்ளை, வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போய்த்தான் வந்தாள். கண்டியில் மஹியாவையில் ஒரு அறை எடுத்து, கட்டில், அலுமாரி, படிக்கிற மேசை எல்லாம் வாங்கிப் போட்டாள். டவுன் பள்ளிக்கூடத்தில் அலைந்து திரிந்து ஜனவரியில் சேர்க்க இடமும் பிடித்துவிட்டாள். தெய்வானை நல்லவள். பிள்ளையைத் தர மாட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள், "நான் குறுக்க நிக்க மாட்டேன் பாலா. ஆனா வாறேன்னு அவ வாயால சொல்லணும். இழுத்துக்கிட்டுப் போற புள்ள இல்ல அது." அந்த ஒரு சொல்தான் டிலுவின் வாயிலிருந்து வரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தைப் புரட்டும். மாட்டேன் என்றும் சொல்லாது. அதோடு, பாலம்மாவை எந்த முறை சொல்லியும் அது கூப்பிட்டதில்லை. இந்தாங்க, கேட்டீங்களே, தேத்தண்ணி ஆறுது என்று மொட்டையாகத்தான் பேச்சு. பாலம்மா அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள். எவ்வளவு காலத்துக்கு அப்படி இருக்க முடியும்?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு ஓடாமல் திணறிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள், கடை ஜன்னலில் ஒரு பெரிய பொம்மை கட்டப் போகிறேன், உன்னை மாதிரியே கட்டப் போகிறேன், கண்டி டவுனே உன்னைப் பார்க்கப் போகிறது என்று. டிலு தலையைத் தூக்கினாள். "என்னயவா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் பாலம்மா பஸ் ஏறினாள். அதற்கு முந்திய எந்த ஞாயிறும் அவளை அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

சாக்குக் கட்டைகள் அழுக்கென்றால் அழுக்கு. எந்த நாட்டுப் பிள்ளைகள் வாயில் வைத்ததோ. பின்கட்டுக் குழாயடியில் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, தகரக் கூரையில் சாக்கை விரித்துக் காயப்போட்டாள். கண்டியில் நவம்பர் மழைக்கு நேரங்காலம் கிடையாது. தூறல் விழுந்தால் கடையில் நிற்கிற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடுவாள், முனாப் தலையில் கை வைப்பார். காய்ந்ததை நிறம் நிறமாகப் பேசின்களில் பிரித்தாள். வெள்ளையிலேயே நல்ல வெள்ளை, மஞ்சள் பிடித்த வெள்ளை என்று இரண்டாகப் பிரித்து, மஞ்சள் பிடித்ததை உள்ளுக்குக் குறுக்குச் சட்டமாகக் கொடுத்தாள். வெளியே தெரிகிற சீருடைக்கு நல்ல வெள்ளை. கழுத்துப்பட்டிக்கு நீலம். தோலுக்குச் சந்தன நிறம். பிரவுண் கட்டையும் அரைச் சாக்கு இருந்தது. டிலு மாநிறத்துக்கும் கொஞ்சம் குறைவு, பிரவுண்தான் பொருந்தியிருக்கும். ஆனால் கை சந்தன நிறத்துப் பேசினுக்குத்தான் போனது. பிரவுணைத் தலைமயிருக்கும் சப்பாத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

பிழையாகக் கவ்விய கட்டையைப் பிரிக்கச் சின்ன வெண்ணெய்க் கத்தி ஒன்றை மஸீனா கொடுத்தாள். அதைவிட நகம்தான் பாலம்மாவுக்குத் தோது. பத்து விரலிலும் நகம் பிய்ந்து, பெருவிரல் நுனி கன்றிப் போயிற்று. அப்படியும் விடவில்லை. கால், பாவாடை, இடுப்பு என்று வரிசை வரிசையாக எழும்பியது. மண்டி போட்டபடியே கட்டினாள். முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய குஷனை மஸீனா கொண்டுவந்து தள்ளினாள். சின்னக் கதிரை ஒன்று தரட்டுமா என்று முனாப் கேட்டதற்கு, கதிரையில் இருந்தால் தனக்குக் கை ஓடாது என்றாள். கட்டையை அழுத்துகிறபோது வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் முனாப் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வாஹித், இத்னேன் என்று அரபியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏன் பாலம்மா, தமிழ்ல எண்ணினா கட்ட ஒட்டாதா என்று அவர் கேலி பண்ண, அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் கட்டினாள்.

கைதான் படுத்தி எடுத்தது. தோளிலிருந்து வெளியே நீட்டுகிற எதுவும் தன் பாரத்தைத் தானே தாங்காமல் கழன்றது. முதலில் இரண்டு கையையும் பக்கவாட்டில் விட்டாள். விறைத்துப் போய் நிற்கிற மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை. பிரித்தாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினாள், அது நின்றது. மற்றதை வயிற்றுக்கு மேலே, பாவாடையைப் பிடித்த மாதிரி வைத்தாள், அது மூன்றாம் தடவை விழுந்த பிறகு ஒரு வழியாக நின்றது. கால் எப்படி வந்தது என்பது அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. இடது பாதத்தை வலது பாதத்தின் மேல் மிதித்துக்கொண்டு, வயிற்றை முன்னுக்குத் தள்ளி, தலையைக் கொஞ்சம் சரித்து. பிள்ளைகள் அப்படித்தானே நிற்கும் என்று நினைத்தாள். முகம் முடிந்த அன்று முதலாளி சொன்னபடி கண்ணுக்கு இரண்டு கறுப்புக் கட்டை, வாய்க்கு ஒரு சிவப்பு வரிசை, அவ்வளவுதான் வைத்தாள். மண்டி போட்ட நிலையிலேயே பின்னால் சாய்ந்து பார்த்தாள். கண்ணுக்கு நேரே கண். என்னவோ சொல்ல வாயெடுத்த பிள்ளை மாதிரி அது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாலம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோசம் பொங்கி வந்தது. இதைப் பார்த்தால் டிலு வந்துவிடுவாள் என்று உறுதியாக நம்பினாள்.

தெருவே நின்று பார்த்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வந்த தாய்மார், யார் கட்டியது, எப்படிக் கட்டியது என்று துளைத்தார்கள். கட்டைச் சாக்கில் மிச்சமிருந்த நிறங்கள்கூட விலைபோயின. மஸீனா ஒருநாள் பொம்மையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தப் புள்ளய தெரியும் மாதிரி ஈக்கிது பாலம்மா" என்றாள். என்ட மகள்தான் ராத்தா, வாற சனிக்கிழமை வருவா, பாருங்க என்று மஸீனாவை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுப் பாலம்மா பெருமையோடு சொன்னாள். வந்த ஆளுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாள். மகள், மகள் என்று சொல்லிச் சொல்லி அவளுடைய நடையே மாறிவிட்டது.

டிலுவைத் தெய்வானை கூட்டிவருவதாகச் சொன்ன அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பாலம்மா ஓரிடத்தில் நிற்கவில்லை. பொம்மையின் தூசியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். இரண்டு தடவை குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்து போய், கம்பளை பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவள் அந்தப் பக்கம் போன நேரம் அவர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து பாதி ஓட்டமாக ஓடிவந்தாள். நீ நடக்கிற நடையில் எனக்குத் தலை சுற்றுகிறது, ஒரு இடத்தில் இரு என்று முனாப் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கடை வாசலில் தெய்வானையின் குரல் கேட்டது.

தெய்வானை உள்ளே வந்ததும் பொம்மையைப் பார்த்து, "அடி ஆத்தா" என்று வாயில் கை வைத்தாள். அவளுக்குப் பின்னால் டிலு. நீல நிறத்தில் நீளச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய ஒற்றைச் சடை. அவளைக் கண்டதும் முனாப் எழும்பி வந்து, "இதுதானே நம்மட ஜன்னல்ல நிக்கிற..." என்று தொடங்கினார். அவருடைய கண் பொம்மையிலிருந்து டிலுவின் முகத்துக்கு ஏறியது. ஏறிய தூரம் அதிகமாக இருந்ததோ என்னவோ, சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு இருமினார்.

டிலு ஜன்னல் மேடைக்குப் போய்ப் பொம்மையின் பக்கத்தில் நின்றாள். நின்ற பிறகுதான் பாலம்மா பார்த்தாள். இத்தனை நாளும் அதை மண்டி போட்டுத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு நிமிர்ந்து நின்றபடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். பொம்மையின் தலை டிலுவின் நெஞ்சுக்குத்தான் வந்தது. அந்தச் சந்தன நிறம். காதுக்குக் கீழே வெட்டி நிறுத்திய பிரவுண் தலைமயிர். காலின் மேல் கால். மண்டி போட்டு உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிற அந்த உசரம். மத்தியானத்து அறையில், அடுத்த கட்டையை எங்கே வைக்கலாம் என்று யோசித்தபடி தன் எதிரே நின்ற பிள்ளையின் உசரம் அது. எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது? தெரியாமல்தான் போனதா? ஐயோ, இப்போது என்ன சொல்வது?

"இது நான் இல்ல" என்றாள் டிலு. சத்தமாகச் சொல்லவில்லை.

தெய்வானை சமாளிக்கப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் நீ இப்படித்தான் இருந்தாய், உனக்கு ஞாபகமிராது என்றாள். டிலு அவள் பக்கம் திரும்பி, "நான் என்னைக்காவது இப்பிடி காலு மேல காலு வச்சி நின்னிருக்கேனா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். தெய்வானை தெருப்பக்கம் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள். முனாப்பும் கடையில் நின்ற இரண்டு பெண்களை, உள்ளே புதுப் பைகள் வந்திருக்கின்றன என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் மேடையில் டிலுவும் பாலம்மாவும், நடுவில் அதுவும்.

"யாரு இது?"

நீதான் என்று சொல்லிவிடலாம். கட்டை பத்தவில்லை, அதுதான் குட்டையாக வந்துவிட்டது, பிரவுண் இல்லை என்றெல்லாம் சொல்லலாம். நாலைந்து பொய் பாலம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. டிலுவின் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். எப்படியும் நீ பொய்தான் சொல்லப் போகிறாய் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட அலுப்பு. அந்த அலுப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"லுல்வா. நான் வேல பாத்த வீட்டுப் புள்ள."

"எனக்குன்னு சொல்லித்தானே கட்டுனீங்க."

"உனக்குத்தான் கட்டுனேன். சத்தியமா உன்னய நெனச்சித்தான் கட்டுனேன். கை எங்க போச்சின்னு எனக்கே தெரியல."

டிலு பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் நின்று, பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் அவர்களைக் கவனிக்கவில்லை.

"அவ உங்கள என்னான்னு கூப்புடுவா?"

இந்தக் கேள்வி வரும் என்று பாலம்மா கனவிலும் நினைக்கவில்லை. எட்டு வருசத்தில் யாரும் அவளிடம் கேட்காதது. அவளும் யாரிடமும் சொல்லாதது.

"அம்மான்னு."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்." பாலம்மாவுக்குக் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "நீ போன்ல பேச மாட்டே. ஓடிப் போயிருவே. யாராச்சும் அப்பிடி ஒருக்கா கூப்புட்டா போதும்போல இருந்திச்சி. பெரிய தப்பு. அந்தப் புள்ளைக்கும் தப்பு, உனக்கும் தப்பு."

டிலு வாசலைப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், பழக்கடை ஓரத்தில் தெய்வானை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் அவங்கள அம்மான்னுதான் கூப்புடுவேன்" என்றாள் டிலு. "நீங்க வாற அன்னைக்கி மட்டும் அத்தைன்னு கூப்புடச் சொல்லியிருக்காங்க. ஒங்களுக்கு மனசு நோகுமாம்."

நோகத்தான் செய்தது. ஓங்கி நெஞ்சில் குத்தியது போல நொந்தது. எத்தனை ஞாயிறு அந்த வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள். அத்தனை ஞாயிறும் அந்த இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு தன் முன்னால் நடித்திருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. ஆனாலும் குவைத்திலிருந்து வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை அவளிடம் சொன்ன முதல் உண்மை இதுதான். அவளும் முதல் தடவையாக ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தபோது, இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது.

"கூப்புடு. அவங்கதானே வளத்தாங்க" என்றாள். "எனக்காக மாத்திக் கூப்புட வேணாம்."

டிலு பொம்மையின் தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். குமிழ்களின் மேலே விரலை ஓட்டினாள். பிறகு, வேறு ஏதோ நினைவில் கேட்கிற மாதிரி, "என்னய கட்டுறதுக்குக் கட்ட மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. வெள்ள எல்லாம் இவளுக்கே போயிருச்சி. இவளக் கழட்டினாத்தான்."

"கழட்டுவீங்களா?"

கழட்டுவேன் என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். பாலம்மாவின் கண் போய் அந்தச் சரிந்த தலையில் நின்றது. விமான நிலையத்துக்குக் காரில் ஏறிய அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒட்டகம் கட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை. பாலம்மா போகப் போவது அதற்குத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கண் நிறைந்து வழிந்தது. டிலு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகள் பார்க்கக் கூடாது என்று பாலம்மா இத்தனை நாளும் மறைத்துவந்த அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டுவேன்" என்றாள் பாலம்மா, முகத்தைத் துடைக்காமலே. "ஆனா நீ வந்து நிக்கணும் டிலு. இந்தக் கைய நம்பி இனி ஒண்ணும் செய்ய ஏலாது. நீ பக்கத்துல நின்னாத்தான் நீயா வரும்."

"எத்தன நாளைக்கி?"

"தெரியாது. ரொம்ப நாள் எடுக்கும். நீ ஒசரம்."

எதிர்ப்பக்கத்திலிருந்து தெய்வானை கையை ஆட்டினாள். கம்பளை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அர்த்தம். டிலு பார்த்தாள், ஆனால் அசையவில்லை. முனாப் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, பொம்மையைக் கழட்டுகிற பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, ஏதோ சொல்ல வந்தார். மஸீனா அவருடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"தலையிலேருந்தா கழட்டணும்?"

"ம். மேலேருந்து. ஒவ்வொண்ணா. இல்லாட்டி சாஞ்சிரும்."

டிலு பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு, உச்சந்தலையில் இருந்த ஒரு பிரவுண் கட்டைக்கு அடியில் பெருவிரல் நகத்தைக் கொடுத்தாள். அது இறுகிக் கவ்வியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள், பொம்மை முழுவதுமாக ஆடியது. பாலம்மாவின் இரண்டு கையும் தாமாகப் போய் அதன் தோள்களைப் பிடித்துக்கொண்டன, முடி வெட்டுகிற இடத்தில் பிள்ளை அசையாமல் இருக்கத் தாய் பிடித்துக்கொள்வது போல. 'டிக்' என்று கட்டை கழன்றது. டிலு அதைப் பேசினில் போடவில்லை. பாலம்மாவிடம் நீட்டவும் இல்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, அடுத்ததைத் தொடாமல், அந்தச் சின்னத் தோள்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கன்றிப்போன விரல்களைப் பார்த்தபடி நின்றாள்.